பழைய பிளேயர் பியானோ கையில் கிடைத்தால்: சுருளிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா ஒன்று கைமாறும்போது தேக்கு பீரோ, பிரம்பு நாற்காலி, ஓடாத சுவர்க் கடிகாரம் இவற்றோடு சில சமயம் ஒரு பியானோவும் சேர்ந்து வரும். கீபோர்டுக்கு நேர் மேலே, முகப்புப் பலகையில் தள்ளித் திறக்கும் சின்னக் கதவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே வழக்கமான பெடல்களுக்கு மேலே இன்னொரு பலகை திறந்து, அகலமான இரண்டு மிதிகள் வெளியே மடிந்து வருகின்றனவா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால் அது சாதாரண பியானோ இல்லை. காலால் மிதித்தால் தானே வாசிக்கும் பிளேயர் பியானோ.

இதை வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் பெட்டியைத்தான் கவனிக்கிறார்கள். பாலிஷ் போடுகிறார்கள், பூச்சி மருந்து அடிக்கிறார்கள், பக்கத்தில் நீளமான அட்டைப் பெட்டிகளில் கிடக்கும் காகிதச் சுருள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் வேலை நேர்மாறாக நடக்க வேண்டும். துருத்தி கிழிந்தால் புதுத் துணி ஒட்டலாம், இன்று முடியாவிட்டால் பத்து வருஷம் கழித்து ஒட்டலாம். சுருளில் ஒரு அடி நொறுங்கிவிட்டால் அந்த ஒரு அடி இசை போனதுதான். அதனால் இந்த வழிகாட்டியும் சுருளில்தான் தொடங்குகிறது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அம்மாபேட்டையிலோ இளம்பிள்ளையிலோ ஜக்கார்டு தறி பார்த்திருப்பீர்கள். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. பியானோச் சுருளும் அதே வம்சம்தான். நூலுக்குப் பதில் சுத்தியல், அவ்வளவே. கிழிந்துபோன ஒரு சுருளை அட்டை அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏந் தம்பி, இதுல நூலு எங்க?" என்றார். "நூல் இல்லீங்கய்யா, காத்துதான் இழுக்குது" என்றேன். கொஞ்ச நேரம் விரலைக் காகிதத்தின் மேல் படாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டிசைன் இங்க திரும்பி வருது பாரு, அங்கயும் வருது" என்று இரண்டு இடத்தைக் காட்டினார். பல்லவி திரும்ப வரும் இடங்கள் அவை. ஒரு சுரம்கூடக் கேட்காமல் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

காற்று எப்படி இழுக்கிறது? நம் ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை உள்ளே தள்ளும். இங்கே மிதியை அழுத்தினால் துருத்தி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும்; பெட்டிக்குள் காற்றழுத்தம் குறையும். காகிதம் ட்ராக்கர் பார் என்கிற பித்தளைப் பட்டையின் மேல் ஊர்ந்து போகிறது. பட்டையில் சுரத்துக்கு ஒன்றாக 88 துளைகள். காகிதத்தின் துளை பட்டையின் துளைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே நுழைந்து, மெல்லிய தோலால் ஆன ஒரு பையை உப்பச் செய்யும். பை ஒரு வால்வைத் தூக்கும். வால்வு திறந்ததும் அந்தச் சுரத்துக்கென்று இருக்கும் விரல் நீளத் துருத்தி சட்டென்று சுருங்கி, பியானோவின் சுத்தியலை இயக்கும். துளை கடந்து போனதும் பைக்குள் இருக்கும் காற்று ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்றின் வழியாகக் கசிந்துவிடும், வால்வு மூடிக்கொள்ளும். சுருளை உருட்டுவதும் மின்சாரம் இல்லை, அதே உறிஞ்சலில் ஓடும் ஒரு காற்று மோட்டார்.

எட்வின் வோட்டி என்பவர் 1895-ல் அமெரிக்காவின் டெட்ராய்டில் முதல் பியானோலாவைச் செய்தார். அது பியானோவுக்கு முன்னால் தள்ளி நிறுத்தும் தனிப் பெட்டி. மரவிரல்களால் கட்டைகளை அழுத்தும். ஏயோலியன் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு இயந்திரம் பியானோவுக்குள்ளேயே போய்விட்டது. ஆளுக்கொரு அளவில் சுருள் அடித்துக்கொண்டிருந்த கம்பெனிகள் 1908-ல் பஃபலோ நகரில் கூடி ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்டன: அகலம் 11¼ அங்குலம், 88 சுரச் சுருளில் அங்குலத்துக்கு 9 துளைகள், பழைய 65 சுரச் சுருளில் அங்குலத்துக்கு 6. 1920-களில் உச்சத்தில் இருந்த இந்தத் தொழிலை ரேடியோவும், 1925-ல் வந்த மின் ஒலிப்பதிவும், 1929-ன் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து சாய்த்துவிட்டன.

படி 1: சுருளைத் திறப்பதற்கு முன்

பெட்டி மூடியிலும் சுருளின் தொடக்கத்திலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் எடுங்கள். பாட்டின் பெயர், இசையமைத்தவர், கம்பெனி, எண், டெம்போ (சுருள் ஓடவேண்டிய வேகம்) எல்லாம் அதில் இருக்கும். 'வாசித்தவர்' என்று ஒரு பெயர் இருந்தால் கவனியுங்கள். சுருள்களில் பெரும்பாலானவை மேஜையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் குறித்துத் துளை போட்டவை. சில, ஒருவர் உண்மையிலேயே வாசித்ததிலிருந்து எடுத்தவை. இரண்டையும் பார்த்தாலே தெரிந்துவிடும். குறித்துப் போட்டதில் ஒரு கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின், துளைகள் எல்லாம் ஒரே கோட்டில் தொடங்கும். கையால் வாசித்ததில் முன்னும் பின்னுமாக இருக்கும்.

கையால் வாசித்ததிலும் ஒரு படி மேலே இருப்பவை மறுவாசிப்புச் சுருள்கள். ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் எட்வின் வெல்ட்டேயும் கார்ல் போக்கிஷும் 1904-ல் கொண்டுவந்த வெல்ட்டே-மிக்னோன்தான் இதில் முன்னோடி. எந்தச் சுரம் எப்போது என்பதோடு, எவ்வளவு அழுத்தம் என்பதையும் ஓரத் துளைகளில் குறித்து வைப்பது இதன் வித்தை. பிறகு ஏயோலியனின் டுயோ-ஆர்ட்டும், அமெரிக்கன் பியானோ கம்பெனியின் ஆம்பிகோவும் வந்தன. இசையமைப்பாளர் மாலர் 1905-ல் வெல்ட்டேக்கு வாசித்தார். அவர் பியானோ வாசிப்பு வேறு எந்த வடிவிலும் பதிவாகவில்லை. இருப்பது அந்தச் சுருள்கள் மட்டும்தான். டெபுஸி, கிரீக், சென்-சான்ஸ் ஆகியோரும் வெல்ட்டேயில் இருக்கிறார்கள். ராக்மானினாஃப் ஆம்பிகோவில், பாடெரெவ்ஸ்கி டுயோ-ஆர்ட்டில். ஸ்காட் ஜாப்ளின் பெயரில் 1916-ல் வந்த சுருள்களும் உண்டு.

உங்கள் பெட்டியில் 11¼ அங்குலத்தைவிட அகலமான சிவப்புக் காகிதச் சுருள் இருந்தால் அது வெல்ட்டேயின் முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை 88 சுரப் பியானோவில் மாட்ட முயல வேண்டாம், உட்காராது. தனியே எடுத்து வையுங்கள்.

படி 2: சுத்தம், ஒட்டு, சேமிப்பு

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அப்போது சுருளைத் திறக்காதீர்கள். ஈரத்தில் காகிதம் விரியும். அகலம் ஒரு நூல் கூடினாலும் துளைகள் பக்கத்துச் சுரத்துக்குத் தாவும். வெயில் அடித்து நாலைந்து நாள் ஆன பிறகு, சுத்தமான நீள மேஜையில், கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்காக வெயிலில் காயவும் வைக்காதீர்கள். அந்தக் காலத்துக் காகிதத்தில் அமிலம் அதிகம், காய்ந்தால் அப்பளம்தான்.

முதல் இரண்டு அடியை மட்டும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரம் பொடிந்து உதிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் படி 4-க்குப் போய்விடுங்கள். காகிதம் வளைந்து கொடுத்தால், மெல்லிய முடி பிரஷ்ஷால் தூசியை நடுவிலிருந்து ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகலாம். தண்ணீரோ ஸ்பிரிட்டோ வேண்டாம்.

கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். கொஞ்ச வருஷத்தில் பழுப்பாகி, பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஜப்பானியத் திசுக் காகிதமும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் சரி. மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கும் நம் போஸ்டர் பழக்கம் இங்கே ஆகாது. செம்பு சேர்ந்தால் காகிதம் இன்னும் சீக்கிரம் நைந்துபோகும். ஒட்டும்போது திசு ஒரு துளையை மூடினால் ஒரு சுரம் காணாமல் போகும். இரண்டு துளைகளுக்கு நடுவே கிழிசலை விட்டுவிட்டால் இல்லாத சுரம் கேட்கும். முழு அகலத்துக்கும் பட்டை ஒட்டாமல், கிழிந்த இடத்தில் மட்டும் சின்னதாக ஒட்டுங்கள்.

சுருளைத் திரும்பச் சுற்றும்போது இரு பக்கத் தட்டுகளுக்கும் நடுவே காகிதம் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கி இழுத்தால் ஓரம் மடியும், மடிந்த ஓரம்தான் அடுத்து கிழியும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், நம் ஊர் சூட்டில் உருகி ஒட்டிவிடும். அகலமான பருத்தி நாடா போதும். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் இரும்பு அலமாரியில் படுக்கை வாக்கில் அடுக்குங்கள். கரையானும் ராமபாணப் பூச்சியும் எட்டாத உயரம் வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

படி 3: சுருளைப் படிப்பது

இடது ஓரம் மந்திரம் (தாழ்ந்த சுரங்கள்), வலது ஓரம் தாரம் (உயர்ந்த சுரங்கள்). துளை எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் சுரம் நிற்கும். சுருள் மேலிருந்து கீழே உருளுவதால் இசையைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பாட்டு வரிகள் அச்சிட்ட சுருள்களில் வார்த்தைகளும் வலது ஓரத்தில் அப்படித்தான் ஏறும். வீட்டில் எல்லோரும் பியானோவைச் சுற்றி நின்று பாடுவதற்காகச் செய்த ஏற்பாடு.

88 சுரப் பட்டையின் சரியான நடு, மிடில் சி-க்கு மேலே இருக்கும் ஈ, எஃப் இரண்டுக்கும் இடையில் விழும். இது தெரிந்தால் எந்தத் துளை எந்தச் சுரம் என்று அளவுகோல் வைத்தே எண்ணிவிடலாம். இடது ஓரத்தில் தனியாக நீண்டு போகும் துளை, சுரங்களை நீட்டி ஒலிக்கவிடும் சஸ்டெய்ன் பெடலுக்கு. இரு ஓரங்களிலும் பாம்பு கடித்தது போல ஜோடி ஜோடியாகச் சின்னத் துளைகள் இருந்தால், அந்த இடத்துச் சுரத்தை மற்றவற்றைவிடத் தூக்கி ஒலிக்கச் செய்யும் குறிப்பு. ஏயோலியன் சுருள்களில் சிவப்பாக வளைந்து வளைந்து ஓடும் கோடு வேகத்துக்கானது. டெம்போ நெம்புகோலின் முள் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும்.

டெம்போ 70 என்றால் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி ஓடுகிறது என்று பொருள்; 85 என்றால் 8½ அடி. தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் கணக்கு இல்லை. 21 அடி இசை உள்ள சுருள் டெம்போ 70-ல் சுமார் 3 நிமிடம் ஓடும்.

படி 4: படம் எடுத்துவைப்பது

பியானோவைத் தொடுவதற்கு முன் இதை முடியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கருப்புத் துணி விரித்த மேஜை, ஸ்டாண்டில் நேர் கீழே பார்க்கும் கேமரா, இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். சுருளின் ஓரத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எல்லாப் படத்திலும் தெரிய வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு அடி நீளம் எடுத்து, அடுத்த படத்தில் இரண்டு அங்குலமாவது முந்தைய பகுதி வருமாறு நகர்த்துங்கள். கருப்பின் மேல் துளைகள் பளிச்சென்று தெரியும். லேபிள், ஓர முத்திரை, யாரோ பென்சிலில் எழுதிய குறிப்பு எதையும் விடாதீர்கள்.

படங்களை ஒட்டி ஒரே நீளமாக்கிய பிறகு துளைகளை மிடி கோப்பாக, அதாவது கணினி வாசிக்கும் சுரக் குறிப்பாக, மாற்றலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் சுருள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அதற்காக எழுதிய மென்பொருளையும் திறந்தே விட்டிருக்கிறார்கள். கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒப்படைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லிவையுங்கள். கீழ் உருளையில் காகிதம் சேரச் சேர உருளை பருத்துக்கொண்டே போகும். உருளையின் சுற்று வேகம் மாறாவிட்டாலும் காகிதத்தின் வேகம் கூடும். அந்த முடுக்கத்தைச் சேர்க்காமல் மாற்றினால் பாட்டு போகப்போக இழுத்துக்கொண்டே முடியும். இணையத்தில் கிடைக்கும் பல கோப்புகளில் இந்தக் குறை இருக்கிறது.

வெளியிடலாமா என்று கேட்பீர்கள். இந்தியச் சட்டப்படி இசைப் படைப்புக்கு உரிமை, படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை. ஜாப்ளின் 1917-லும் கெர்ஷ்வின் 1937-லும் ராக்மானினாஃப் 1943-லும் இறந்தார்கள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு வரி இருந்தால் எழுதியவரின் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 5: இப்போது பெட்டி

சேலத்துக்கு இறக்குவதென்றால் யோசித்துச் செய்யுங்கள். பிளேயர் பியானோ 350 கிலோவைத் தொடும், 20 கொண்டை ஊசி வளைவு. அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. மலையின் ஈரத்தில் பல வருஷம் இருந்த மரத்தைச் சித்திரை வெயிலில் அஸ்தம்பட்டிக்கோ செவ்வாப்பேட்டைக்கோ கொண்டுவந்தால் சவுண்ட்போர்டு (கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) வெடிக்கும். தை, மாசியில் இறக்குங்கள், நிமிர்த்தியே கட்டுங்கள். மேலேயே வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

மிதிப்பதற்கு முன் கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எலிக்கூடு, வெள்ளையாகப் பொடிந்த ஈயக் குழாய், விறைத்துப்போன ரப்பர் துணி இவைதான் வழக்கமாகக் கண்ணில் படும். ஈயப் பொடி என்றால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சோதனை இரண்டு கட்டம். முதலில் நெம்புகோலைத் திருப்பிச் சுற்றும் நிலையில் வைத்து மிதியுங்கள். அப்போது மேலே இருக்கும் வால்வுப் பகுதி துண்டிக்கப்பட்டிருக்கும். மிதி உடனே இறுகினால் கீழ்த் துருத்தி உயிரோடு இருக்கிறது. காலுக்கு எதிர்ப்பே இல்லாமல் பொதபொதவென்று போனால் துணி போய்விட்டது. அடுத்து ட்ராக்கர் பாரின் எல்லாத் துளைகளையும் எளிதில் உரியும் டேப்பால் மூடி, வாசிக்கும் நிலையில் மிதியுங்கள். முன்பு இறுகிய மிதி இப்போது தளர்ந்தால் கசிவு மேல் பகுதியில். துளையெல்லாம் மூடியிருக்கும்போதே ஒரு சுரம் தானாக வாசித்தால் அதன் குழாய் விட்டுப்போயிருக்கும், அல்லது வால்வில் தூசி. டேப்பை எடுத்த பிறகு ஒரு சுரம் மட்டும் எழும்பவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பட்டையில் அடைத்த காகிதத் துகள். அதை உறிஞ்சி எடுக்க வேண்டும், ஊதினால் வால்வுக்குள் போய் உட்காரும்.

துருத்தி கட்டத் தெரிந்த ஆர்மோனிய ரிப்பேர்காரரும் கைவாகு உள்ள ஆசாரியும் சேர்ந்தால் வேலையில் பாதியைச் செய்துவிடலாம். காற்று உள்ளே இல்லை, வெளியே போகிறது என்பதை மட்டும் முதலிலேயே விளங்கவைத்துவிடுங்கள். வரிசை: கீழ்த் துருத்திகள், பிறகு காற்று மோட்டார், கடைசியாக 88 சின்னத் துருத்திகளும் வால்வுகளும். ரப்பர் பூசிய மெல்லிய துணியும் பைக்கான தோலும் இதற்கென்றே செய்பவர்களிடம் வரவழைக்க வேண்டும். பேக் கடைத் தோல் தடிமன், காற்றுக்கு அசையாது.

பசை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம்தான். குளிர்ந்த நீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்குங்கள், கொதித்தால் பிடிப்புப் போய்விடும். சூடும் ஈரமும் காட்டினால் வச்சிரம் விட்டுக்கொடுக்கும். அடுத்து திறப்பவர் மரத்தைப் பிய்க்காமல் திறக்கலாம். ஃபெவிகால் போட்டு ஒட்டினால் அது பிரியாது, மரம்தான் பிரியும். மரத்தின் உள்பக்கக் காற்றுவழிகளுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு (ஷெல்லாக்) இரண்டு கை பூசினால் கசிவு அடங்கும். குழாய்களைக் கழற்றும் முன் 88-க்கும் எண் எழுதிக் கட்டுங்கள்.

பியானோவுக்கான டியூனிங் தனி வேலை. அதற்குச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வரவேண்டியிருக்கும். மதராஸில் 1842-ல் மிஸ்குயித் கம்பெனியாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் விசாரித்தால் வழி கிடைக்கும். டியூனரிடம் இது பிளேயர் பியானோ என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். கம்பிகளை எட்ட முன் பகுதியைக் கழற்ற வேண்டியிருக்கலாம், தெரியாமல் வந்தால் முகம் சுருங்கும்.

படி 6: வாசிப்பது

முதலில் மாட்டுவது நல்ல நிலையில் உள்ள, மதிப்புக் குறைந்த சுருளாக இருக்கட்டும். சுருளை மேல் முனைகளில் பொருத்தி, தொடக்க நாக்கில் உள்ள வளையத்தைக் கீழ் உருளையின் கொக்கியில் மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். காகிதம் இரு ஓரத்திலும் சமமாகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, லேபிளில் சொன்ன டெம்போவை வைத்து மிதியுங்கள்.

குதிகாலைக் கீழே ஊன்றிக் கணுக்காலால் மிதியுங்கள். தொடையால் சைக்கிள் மிதிப்பது போல மிதித்தால் எல்லாச் சுரமும் ஒரே சத்தத்தில் இடிக்கும். மெதுவான இடத்தில் பாதத்தை வருடுவது போல நகர்த்தி, அழுத்தம் வேண்டிய சுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு தட்டுத் தட்டினால் அது தனித்துக் கேட்கும். மந்திரத்தையும் தாரத்தையும் தனித்தனியே தணிக்கும் பொத்தான்கள் கீபோர்டுக்கு முன்னால் இருக்கும். இடது கை அவற்றில், வலது கை டெம்போவில். நன்றாகப் பழகியவர் மிதித்தால் அதே சுருள் வேறு பாட்டாகிவிடும். இயந்திரம்தானே வாசிக்கிறது என்று ஒதுக்குகிறவர்கள் அதைக் கேட்டதில்லை.

முடிந்ததும் திருப்பிச் சுற்றும் நிலைக்கு மாற்றுங்கள். கடைசி சில அடிக்கு மிதியைத் தளர்த்தாவிட்டால் நாக்கு கிழியும்.

இதற்கெல்லாம் பணமோ நேரமோ இல்லை, சாதாரண பியானோவாக மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பதும் நியாயமே. அப்போது உள் இயந்திரத்தைக் கழற்றி எடைக்குப் போடாதீர்கள். குழாய்களுக்கு எண் கட்டி, திருகுகளை டப்பாவில் போட்டு, பியானோவின் வரிசை எண்ணை மேலே எழுதி, மரப்பெட்டியில் வைத்துச் சுருள் அலமாரிக்குப் பக்கத்திலேயே ஏற்றிவிடுங்கள்.